கப்பலுக்கும் கழனிக்கும் நடுவே ஒரு தோட்டம்

எங்க காணைப் பக்கம் நிலக்கடலைன்னு யாரும் சொல்றதில்லை. மல்லாட்டைதான். மல்லாட்டை விதைக்கிறது, மல்லாட்டை பிடுங்குறது, மாட்டுக்கு மல்லாட்டைக் கொடி போடுறது என்று எல்லாமே அந்தப் பேரில்தான். மணிலாக் கொட்டை என்ற சொல் வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். ஆனால் கடலைக்குச் சொந்த ஊர் அதுவும் இல்லை. அது தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். கப்பல் ஏறி, பல துறைமுகம் சுற்றி, நம்ம செம்மண்ணில் வந்து இறங்கியிருக்கிறது.

இப்படி வந்த பயிர்களை எண்ணிப் பாருங்க. மிளகாய், தக்காளி, முந்திரி, மரவள்ளி, பப்பாளி, கொய்யா, மக்காச்சோளம். இவை இல்லாமல் நம்ம சமையலும் இல்லை, வெள்ளாமையும் இல்லை. அதே கப்பல் வழியில்தான் சீமைக் கருவேலும் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் வந்தன. ஒன்று சோறு போட்டது, இன்னொன்று ஏரியை அடைத்தது. வெளியிலிருந்து வரும் ஒரு செடி இந்த இரண்டில் எதுவாக ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? இயற்கை விவசாயத்துக்குத் திரும்புகிற நமக்கு இது பழங்கதை இல்லை. ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு புது விதை, ஒவ்வொரு வருஷமும் ஒரு புது மரக்கன்று நம்ம வாசலுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகவே ஏற்படுத்திய ஒரு தோட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டர். புதுச்சேரி தாவரவியல் பூங்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிற இடமாகத்தான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். அது ஒரு சோதனை வயலாகத் தொடங்கிய இடம்.

மதில் போன ஊரில் வந்த தோட்டம்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்தது 1674-ல். பிறகு கோட்டை கட்டினார்கள், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது கோட்டையையும் மதிலையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்றைக்கு நகரத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஓடுகிறதே புல்வார் சாலை, அது அந்த மதில் நின்ற தடம். கற்கள் போய்விட்டன, கோடு மட்டும் நிற்கிறது. அந்தக் கோட்டின் தென்மேற்குப் பக்கத்தில், பழைய பேருந்து நிலையத்துக்குத் தெற்கே, ஏறக்குறைய 22 ஏக்கரில் இருக்கிறது தோட்டம்.

தோட்டம் அமைக்கும் எண்ணம் முதலிலேயே இருந்தது. லெஷ்னோ என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் 1816-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்ததே செடி சேகரிக்கவும் புதுச்சேரியில் ஒரு தாவரத் தோட்டம் உண்டாக்கவும்தான். 1822-ல் ஊர் திரும்பும் வரை சென்னை, சேலம், வங்காளம், இலங்கை என்று சுற்றினார். இங்கிருந்து அவர் ரெயூனியோன் தீவுக்கு அனுப்பிய சரக்கில் இரண்டு வகைக் கரும்பும் ஆறு வகைப் பருத்தியும் இருந்தன. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கணும். வெளியிலிருந்து நமக்கு விதை வந்த கதையைத்தான் அதிகம் பேசுகிறோம். நம்ம மண்ணின் விதையும் அதே அளவுக்கு வெளியே போயிருக்கிறது.

இன்றைய தோட்டம் உருவானது 1826-ல். தெபசான் த ரிஷ்மோன் அப்போது ஆளுநர். 1831-ல் இந்த வட்டாரத்து மண்ணுக்கு எந்தப் பயிர் ஒத்துவரும் என்ற சோதனைகள் தொடங்கின. அதன் பிறகு வந்தவர் பெரோத்தே. தோட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் என்று இவரைத்தான் சொல்லவேண்டும்.

பெரோத்தே சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாரிஸ் தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். 1819-ல் பிரெஞ்சு அரசு அனுப்பிய கப்பலில் ஏறி ரெயூனியோன், ஜாவா, பிலிப்பைன்ஸ் தீவுகளில் செடிகளைத் திரட்டினார். மணிலாவிலிருந்து அவர் கொண்டுபோன ஒரு மல்பெரி இனம் ஐரோப்பாவின் பட்டு வளர்ப்பில் பெரிய பேச்சானது. பிறகு ஐந்து வருஷம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருந்தார். புதுச்சேரிக்கு வந்தது 1834-ல். நடுவில் சில வருஷம் போய்விட்டு மறுபடி வந்தார். 1870-ல் இறந்ததும் புதுச்சேரியில்தான். கப்பலில் செடியைக் காப்பாற்றுவது எப்படி என்பதை அனுபவத்தில் கற்றவர் கையில் தோட்டம் கிடைத்தது.

தோட்டம் எப்படி வேலை செய்தது

அந்தக் காலத்தில் செடியைக் கப்பலில் கொண்டுவருவது லேசு இல்லை. மாசக்கணக்கில் பயணம். உப்புக் காற்று, குடிதண்ணீர்ப் பஞ்சம், எலி. ஏற்றிய செடிகளில் பெரும்பகுதி வழியிலேயே செத்துப்போகும். 1830-களில் லண்டன் மருத்துவர் வார்டு என்பவரின் மூடிய கண்ணாடிப் பெட்டி புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. செடி விடும் ஈரம் கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணிலேயே சொட்டும். தண்ணீர் ஊற்றாமலே செடி கடல் கடந்தது.

உயிரோடு வந்த செடியை நேரே வயலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இதற்குத்தான் தோட்டம். பிரெஞ்சில் இந்த மாதிரித் தோட்டத்துக்குத் தனிப் பேரே உண்டு. நம்ம பாஷையில் சொன்னால் 'பழக்கும் தோட்டம்'. புது மாட்டைக் கொட்டகையில் கட்டிப் பழக்குவது போல, புதுச் செடியை மண்ணுக்கும் வெயிலுக்கும் பழக்குகிற இடம்.

முதலில் நிழலில் வைத்துத் தேற்றுவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டுவார்கள். தேறியதைப் பாத்தியில் நட்டு ஒரு கோடை, ஒரு மழைக்காலம் பார்ப்பார்கள். எப்போது பூக்கிறது, காய் பிடிக்கிறதா, விதை முளைக்கிறதா, என்ன பூச்சி வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். தாங்கியதை மட்டும் விதையாகவோ போத்தாகவோ பெருக்கி வெளியே கொடுப்பார்கள். தாங்காதது அந்தப் பாத்தியோடு முடிந்துபோகும். நஷ்டம் பாத்திக்கு மட்டும்தான்.

கப்பலுக்கும் கழனிக்கும் நடுவே இப்படி ஒரு சின்ன இடம், சில வருஷ அவகாசம், ஒரு நோட்டுப் புத்தகம். தாவரத் தோட்டத்தின் வேலை இவ்வளவுதான். இவ்வளவு பெரிய வேலையும் இதுதான்.

யாருக்காகச் செய்தார்கள்?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அந்தத் தோட்டம் உழவனுக்காகப் போட்டது இல்லை. பிரெஞ்சு வணிகத்துக்காகப் போட்டது.

அவுரியை எடுத்துக்குங்க. நம்ம திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக்குப் பழகிய செடி. புதுச்சேரியில் அவுரி நீலத்தில் தோய்த்த துணி கப்பல் ஏறி செனகலுக்குப் போனது. அங்கே கருவேல் இனத்து மரத்தின் பிசினை வாங்க அந்த நீலத்துணியே காசு மாதிரி செல்லுபடி ஆனது. செனகலைப் பார்த்துவிட்டு வந்த பெரோத்தே 1842-ல் பாரிசில் வெளியிட்ட புத்தகம் முழுக்க அவுரிச் சாகுபடியும் நீலம் எடுக்கும் முறையும்தான். 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி ரசாயன நீலத்தைச் சந்தையில் இறக்கியது. கொஞ்ச வருஷத்தில் அவுரி வணிகம் படுத்துவிட்டது. செடியில் ஒரு குறையும் இல்லை. மண்ணும் மாறவில்லை. வாங்குகிறவன் போய்விட்டான்.

மல்லாட்டைக்கும் இதே மாதிரி ஒரு அத்தியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம்ம தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாகப் பிரான்சின் மர்சேய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஆட்டினார்கள். ஆனால் மல்லாட்டை அவுரி மாதிரி படுக்கவில்லை. ஏன்? வெளிநாட்டான் வாங்காவிட்டாலும் நாம் தின்போம். ஊர்ச் செக்கில் ஆட்டுவோம். பிண்ணாக்கு மாட்டுக்கு, கொடியும் மாட்டுக்கு. வேர் முடிச்சு மண்ணுக்கு. ஒரே வாசலை நம்பாத பயிர் அது.

அவுரியும் முழுக்கச் செத்துப்போகவில்லை. இயற்கைச் சாயம் கேட்கிறவர்களுக்காக நம்ம மாவட்டத்தில் இன்றைக்கும் விளைகிறது. அது பயறு வகைச் செடி. காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். சாயம் எடுத்த சக்கையும் நல்ல எரு. இயற்கை உழவனுக்கு அவுரி, சாயம் விலை போகாத வருஷத்திலும் வேலை செய்யும்.

ஆக, ஒரு புதுப் பயிரைச் சோதிக்கும்போது மண்ணை மட்டும் கேட்டால் போதாது. 'இதை யார் வாங்குவான்? அவன் வராவிட்டால் இதை வைத்து நான் என்ன செய்வேன்?' என்றும் கேட்கணும்.

கேட்க மறந்த கேள்வி

சோதனை செய்தும் தப்பிப்போனவை உண்டு. உண்ணிச்செடி 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. அதுவும் தாவரத் தோட்டம்தான். வளருமா, பூக்குமா என்று பார்த்தார்கள். நன்றாகவே வளர்ந்தது, வண்ண வண்ணமாகப் பூத்தது. பழத்தைக் குருவி தின்று காடு முழுக்க விதைக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை.

சீமைக் கருவேல் கதையும் அதுதான். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பா மாவட்டத்தில் போட்டார்கள். வறட்சி தாங்குமா? தாங்கும். விறகு கிடைக்குமா? கிடைக்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் நல்ல பதில்தான் வந்தது. நிற்கச் சொன்னால் நிற்குமா என்று மட்டும் கேட்கவில்லை. நெற்றை ஆடும் மாடும் தின்று சாணியோடு ஏரிக்கரை முழுக்கப் போட்டன. இன்றைக்கு எங்க பக்கத்து ஏரிகளில் அதை வெட்ட ஒரு செலவு, தூரோடு பிடுங்க இன்னொரு செலவு.

சில சமயம் தப்பாக வந்ததே நன்மையில் முடிந்ததும் உண்டு. 1795-ல் சிவப்புச் சாயம் எடுக்க என்று பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். கள்ளியில் வாழ்கிற பூச்சி. வந்தது நல்ல சாயம் தருகிற இனம் இல்லை. ஆனால் அது பரவிக் கிடந்த ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இதைக் கண்டவர்கள், பின்னால் தென்னாட்டில் சப்பாத்திக்கள்ளி நிலமெல்லாம் மண்டியபோது, 1926-ல் அதற்கேற்ற இன்னொரு இனப் பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மருந்து அடிக்காமல் கள்ளிக்காடு பட்டுப்போனது.

நம்ம காலத்திலேயே பார்த்தோம். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. வெளியிலிருந்து வந்த பூச்சி, அதைத் தின்கிற எதிரி மட்டும் கூடவே வரவில்லை. எத்தனை மருந்து அடித்தாலும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்துச் சோதித்து விட்ட பிறகுதான் அடங்கியது. புதுச் செடி வாங்கும்போது செடி மட்டும் வருவதில்லை. அதன் மண்ணில் நூற்புழு வரலாம், இலையடியில் மாவுப்பூச்சி வரலாம். இது அன்றைக்குக் கப்பலுக்குப் பொருந்தியது, இன்றைக்கு நர்சரி லாரிக்கும் பொருந்தும்.

திண்டிவனத்தில் நடந்த தேர்வு

சோதனை என்றால் பெரிய விஞ்ஞானம் என்று பயப்பட வேண்டாம். டி.எம்.வி. என்ற மூன்று எழுத்தைக் கடலை போடுகிற எல்லாருக்கும் தெரியும். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை அது. 1940-ல் அங்கிருந்து வந்த டி.எம்.வி. 1, சலூம் என்ற மேற்கு ஆப்பிரிக்க ரகத்திலிருந்து பொறுக்கியது. சலூம் என்பது செனகலில் ஒரு வட்டாரத்தின் பேர். அதே வருஷம் வந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக்கடலை என்ற நம்ம நாட்டு உழவர்கள் வைத்திருந்த ரகத்திலிருந்து பொறுக்கியது. அது தமிழ்நாட்டையும் தாண்டி ஆந்திரா, கர்நாடகா வரை பரவியது.

இரண்டையும் எடுத்த முறை ஒன்றுதான். வயலில் நல்ல செடிகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, அவற்றின் விதையை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி விதைத்துப் பார்ப்பது. கூட்டுத் தேர்வு என்று சொல்வார்கள். நம்ம பாட்டிமார் கதிரில் நல்லதாகப் பார்த்து முடிந்து உத்திரத்தில் தொங்கவிட்டார்களே, அதன் கணக்கு வைத்த வடிவம்.

நடுவே இருந்த இடம் எங்கே போச்சு?

இன்றைக்கு நமக்கும் புதுச் சரக்குக்கும் நடுவே அந்தப் பாத்தி இல்லை. விற்கிறவர் நேரே களத்துமேட்டுக்கு வருகிறார். கையில் கலர் படம். ஏக்கருக்கு இத்தனை லட்சம், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம், கன்று இத்தனை ரூபாய் என்கிறார். எங்க பக்கத்தில் ஒருத்தர் இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையை அப்படியே மரக்கன்றுக்கு மாற்றினார். கம்பெனி பேர் இங்கே வேண்டாம். நாலு வருஷத்தில் மரம் ஓரளவு வந்தது. வாங்க வேண்டியவர்களின் போன்தான் எடுக்கவில்லை. நிழல் விழுந்த நிலத்தில் கடலையும் இல்லை, மாட்டுக்குக் கொடியும் இல்லை. மாட்டை விற்றார், எரு போனது. ஒரு பயிரை மாற்றியதில் ஒரு பண்ணையே கழன்றது.

இது விதைக்கும் பொருந்தும், மரத்துக்கும் பொருந்தும், இயற்கை விவசாயத்தின் பேரில் வருகிற புதுச் சரக்குக்கும் பொருந்தும். கூட்டத்தில் கை தட்டல் வாங்கிய பாரம்பரிய நெல் ரகமாகவே இருக்கட்டும், டெல்டா மண்ணில் விளைந்தது எங்க ஏரிப்பாசன மண்ணில் அப்படியே விளையும் என்று யாரும் சொல்ல முடியாது. விளையாது என்றும் சொல்ல முடியாது. போட்டுப் பார்க்கணும். ஆனால் சின்னதாக.

இரண்டு சென்ட் போதும்

நான் சொல்ல வந்தது இதுதான். ஒவ்வொரு உழவரும் தன் நிலத்தில் இரண்டு சென்ட்டைப் பழக்கும் தோட்டமாக ஒதுக்கணும். முறை சுலபம்.

ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் போடுங்க. இரண்டு சென்ட்டை 10 அடிக்கு 14 அடி அளவில் ஆறு பாத்தியாகப் பிரிக்கலாம். மூன்றில் புது ரகம், மூன்றில் நீங்கள் வழக்கமாகப் போடும் ரகம், மாற்றி மாற்றி. புதுசை மட்டும் தனியாகப் போட்டால் நல்லா வந்தது ரகத்தாலா, மழையாலா என்று தெரியாது. ஒரே ஒரு ஜோடி போட்டால் மண் வித்தியாசம் ஏமாற்றும். மூன்று ஜோடியிலும் புதுசே முந்தினால் நம்பலாம். ஒன்றில் மட்டும் முந்தினால் அந்த இடத்தில் பழைய எருக்குழி இருந்திருக்கும்.

இரண்டு, முளைப்பைப் பாருங்க. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்க. கடலையில் 70-க்குக் குறையாமலும் நெல்லில் 80-க்குக் குறையாமலும் முளைத்தால் விதை தரம். குறைந்தால் ரகத்தைக் குற்றம் சொல்லாதீங்க. விதை பழசாக இருக்கலாம்.

மூன்று, ஓரத்தை விட்டு எடை போடுங்க. வரப்போரச் செடிக்கு வெயிலும் இடமும் அதிகம், அது எப்போதும் கொழுத்திருக்கும். சுற்றிலும் ஒரு வரிசையை விட்டுவிட்டு நடுவில் உள்ளதைப் பிடுங்கிக் காயவைத்துத்தான் எடை. பச்சையில் போட்ட எடை கணக்கில் சேராது.

நான்கு, எழுதி வையுங்க. விதை யாரிடம் வாங்கியது, விதைத்த தேதி, முதல் பூ, வந்த பூச்சி, பிடுங்கிய தேதி, காய்ந்த எடை, கொடியின் எடை, தின்றுபார்த்த ருசி. பள்ளிக்கூட நோட்டு போதும். பெரோத்தேயும் 1867-ல் தோட்டத்தில் இருந்த செடிகளின் பட்டியலை அச்சிட்டார். எழுதி வைக்காத தோட்டம் தோட்டக்காரரோடு போய்விடும்.

ஐந்து, நிற்குமா என்று கேளுங்க. மரமோ தழைச்செடியோ புதுசாக இருந்தால் இதுதான் முக்கியம். நீங்கள் போடாத இடத்தில் அது முளைக்கிறதா? ஆடு தின்ற சாணியில் முளைக்கிறதா? வெட்டினால் எத்தனை போத்து வெடிக்கிறது? கிளைரிசிடியா வெளிநாட்டு மரம்தான். ஆனால் போத்து வைத்த இடத்தில் உயிர்வேலியாக நிற்கிறது, வெட்ட வெட்டத் தழை கொடுக்கிறது. சவுண்டலோ நெற்றை முற்றவிட்டால் சுற்றுவட்டமெல்லாம் முளைக்கும். இரண்டும் வெளியிலிருந்து வந்தவைதான், நடத்தை வேறு.

ஆறு, புதுக் கன்றை ஒரு மாசம் தனியாக வையுங்க. பழைய மரங்களிலிருந்து தள்ளி, நிழலில். இலையடியைப் புரட்டிப் பாருங்க. ஒரு கன்றைப் பையிலிருந்து உருவி வேரைப் பாருங்க. வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு. அந்த மண்ணை நிலத்தில் கொட்டாதீங்க.

ஏழு, பிடித்த ரகத்திலிருந்து விதை எடுங்க. வயலின் நடுவில் நோயில்லாத நல்ல செடி ஐம்பது, நூறு என்று கயிறு கட்டி அடையாளம் வைத்து, தனியாகப் பிடுங்குங்க. நெல், கடலை, உளுந்து தன் பூவிலேயே சூல் பிடிப்பவை, அதிகம் கலக்காது. கம்பும் பூசணி, சுரை வகையும் காற்றிலோ தேனீயாலோ கலந்துபோகும். அவற்றை அடுத்த ரகத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போடணும், அல்லது பூக்கிற காலத்தை மாற்றணும். விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி பதிவு பெற்ற ரகத்தின் விதையை முத்திரைப் பேரில் விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு ஊரில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் இருபது சென்ட். ஆளுக்கு ஒரு ரகம் பார்த்தால் ஒரே பட்டத்தில் பத்து ரகம். பட்டம் முடிந்ததும் நோட்டை ஒன்றாக வைத்துப் பேசினால் அந்த ஊருக்கே ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்துவிடும்.

இன்னும் இரண்டு தோட்டங்கள்

வெளியிலிருந்து வருவதைச் சோதிப்பது ஒரு பாதி. நம்மிடம் இருப்பதைத் தொலைக்காமல் வைப்பது மறு பாதி. அதற்கும் நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது.

மரக்காணம் போகிற வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்திருப்பீங்க. வீரை, காசான், பாலை என்று இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய, கோடையிலும் பச்சை மாறாத காட்டின் மிச்சம் அது. யாரும் வேலி போடவில்லை. சாமி காட்டில் கை வைக்கக்கூடாது என்ற பயமே மதிலாக நின்றது. புதுச்சேரியில் கல் மதில் போய்விட்டது, இங்கே கண்ணுக்குத் தெரியாத மதில் இன்றைக்கும் நிற்கிறது.

இன்னொன்று ஆரோவில் தாவரவியல் தோட்டம். 2000-ல் 50 ஏக்கரில் தொடங்கியது. 1826-ல் போட்ட தோட்டம் கடல் கடந்த செடிகளை இங்கே பழக்கியது. இந்தத் தோட்டம் இந்த மண்ணின் மரங்களையே தேடி எடுத்துப் பெருக்கிக் கொடுக்கிறது. வரப்போரம் மரம் வைக்க நினைக்கிறவர்கள் முதலில் இப்படிப்பட்ட இடங்களில் எது நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் கன்று செலவு மிஞ்சும்.

புதுச்சேரித் தோட்டத்துக்கும் ஒரு நாள் போய் வாங்க. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு நீங்கள் மரங்களைப் பாருங்க. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் அடித்த ஊர் அது. அதையெல்லாம் தாங்கி நிற்கும் மரம் எது, அதன் அடிமரமும் கிளை விரிப்பும் எப்படி இருக்கிறது, அடியில் கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்க. தோட்டக்காரர் கிடைத்தால் அந்த மரத்தைப் பற்றிக் கேளுங்க. இருநூறு வருஷமாக நடக்கிற ஒரு சோதனை அங்கே நின்றுகொண்டிருக்கிறது. பார்க்கக் காசு பெரிசாக ஆகாது.

மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்கு உழவு ஓட்டும்போது இரண்டு சென்ட்டைக் கயிறு கட்டி ஒதுக்கிவிடுங்க. புது விதை தருகிறேன் என்று வருகிறவரிடம், "ஒரு படி கொடுங்க, முதல்ல பாத்தியில போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்க. நல்ல சரக்கு வைத்திருக்கிறவர் அதற்குச் சம்மதிப்பார். ஒரு படி கொடுக்கமாட்டேன், ஏக்கர் கணக்கில்தான் கொடுப்பேன் என்கிறவருக்குக் காபித் தண்ணி கொடுத்து அனுப்பி வையுங்க.